நைட்ரிக் ஆக்சைடு எந்த இரும்பைச் சந்திக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் உப்பு கண்டுபிடித்தவர்களுக்குப் பழுப்பு வளையச் சோதனை மறந்திருக்காது. உப்புக் கரைசலில், அப்போதுதான் கரைத்த ஃபெரஸ் சல்பேட்டைச் சேர்க்க வேண்டும். பிறகு குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை உட்சுவர் வழியாக மெல்ல வழியவிட வேண்டும். கனமான அமிலம் அடியில் போய்த் தங்கும். இரண்டு நீர்மங்களும் தொடும் இடத்தில் பழுப்பு வளையம் கட்டினால் உப்பில் நைட்ரேட் உண்டு. அவசரப்பட்டுக் குலுக்கினால் வளையம் கலைந்துவிடும். நேற்றுக் கரைத்துவைத்த ஃபெரஸ் சல்பேட்டை எடுத்தால் வளையம் சரியாக வராது. சில நேரம் வரவே வராது.

அந்த மெல்லிய வளையத்துக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில் ஃபெரஸ் இரும்பு நைட்ரேட்டை ஒடுக்கி நைட்ரிக் ஆக்சைடாக்குகிறது. ஒரு நைட்ரேட்டுக்கு மூன்று ஃபெரஸ் அயனிகள் செலவாகும். அடுத்து, மிச்சமிருக்கும் ஃபெரஸ் அயனி ஒன்றைச் சுற்றி நிற்கும் ஆறு நீர் மூலக்கூறுகளில் ஒன்றை வெளியே தள்ளிவிட்டு, அந்த நைட்ரிக் ஆக்சைடு அங்கே உட்கார்ந்துகொள்கிறது. நாம் பார்க்கும் பழுப்பு இந்த அணைவுச் சேர்மத்தின் நிறம். குலுக்கும்போது அமிலமும் நீரும் கலந்து கொதிக்கும் அளவுக்குச் சூடாவதால் நைட்ரிக் ஆக்சைடு பிரிந்து பறந்துவிடுகிறது. இரண்டு எலக்ட்ரானை இழந்த இரும்பு ஃபெரஸ், மூன்றை இழந்தது ஃபெரிக். பழைய கரைசலில் காற்று பட்டு ஃபெரஸ் ஃபெரிக்காக மாறியிருக்கும். ஃபெரிக்கால் நைட்ரேட்டை ஒடுக்கவும் முடியாது, நைட்ரிக் ஆக்சைடை இறுக்கிப் பிடிக்கவும் முடியாது.

உயிருள்ள செல்லுக்குள் நடப்பதும் இதே வேதியியல்தான். இரத்தக்குழாய் தளர்வது, இரத்தத்தில் அந்தச் செய்தி அணைவது, காசநோய்க் கிருமி உறங்கப்போவது, மூட்டைப்பூச்சி இரத்தம் குடிப்பது எல்லாம் இதில் அடங்கும். நைட்ரிக் ஆக்சைடு நல்லதா கெட்டதா என்ற கேள்வியைச் சத்து மாத்திரை விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அது ஃபெரஸைச் சந்தித்ததா ஃபெரிக்கையா, அந்த இரும்புக்கு அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

ஒற்றைப்படை எலக்ட்ரான்

நைட்ரஜனின் 7 எலக்ட்ரான்களும் ஆக்சிஜனின் 8 எலக்ட்ரான்களும் சேர்ந்து 15. ஒற்றைப்படை என்பதால் ஒன்று துணையில்லாமல் நிற்கிறது. அது பிணைப்பைப் பலவீனப்படுத்தும் எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில் இருப்பதால் இரண்டு அணுக்களுக்கும் இடையிலான பிணைப்பு வலிமை மூன்றிலிருந்து இரண்டரையாகக் குறைகிறது. மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடும், வண்டிப் புகையில் செம்பழுப்பாகத் தெரியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வேறு வேறு பொருள்கள். செய்தித்தாள்களில் இந்த மூன்றும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

துணையில்லா எலக்ட்ரான் உள்ளவை பொதுவாக எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும். நைட்ரிக் ஆக்சைடு அப்படியில்லை. புரதம், கொழுப்பு, மரபணு எதையும் அது நேரடியாகப் பெரிதாகத் தொடுவதில்லை. செல்லுக்குள் அது வேகமாக வினைபுரியும் பொருள்கள் சிலவே: தன்னைப் போலத் துணையில்லா எலக்ட்ரான் கொண்ட சூப்பர் ஆக்சைடு போன்றவையும், இரும்பு, செம்பு போன்ற உலோகங்களும். இவற்றில் அளவிலும் பரவலிலும் இரும்புக்குத்தான் முதலிடம்.

இரும்போடு சேர்ந்த பிறகு அந்த எலக்ட்ரான் யாருக்குச் சொந்தம்? ஃபெரஸும் நைட்ரிக் ஆக்சைடும் என்று எழுதலாம். ஃபெரிக்கும் நைட்ராக்சில் எதிர்அயனியும் என்றும் எழுதலாம். பழுப்பு வளைய அயனியையே இரண்டாவது விதமாக எழுதுவது பொருத்தம் என்பது பிற்கால நிறமாலை ஆய்வுகளின் முடிவு. 1974இல் வேதியியலாளர்கள் எனமார்க்கும் ஃபெல்தமும் இந்தச் சொத்துத் தகராறை ஒதுக்கிவைக்க ஒரு வழி சொன்னார்கள். இரும்பின் வெளி அடுக்கில் இருக்கும் டி எலக்ட்ரான்களையும் நைட்ரிக் ஆக்சைடின் ஒற்றை எலக்ட்ரானையும் கூட்டி, மொத்தத்தை மட்டும் எழுதினால் போதும் என்பது அவர்கள் வழி. ஃபெரஸ் சேர்ந்தால் ஏழு, ஃபெரிக் சேர்ந்தால் ஆறு. ஹீம் என்பது நடுவில் இரும்பைப் பிடித்திருக்கும் வளைய மூலக்கூறு. அதில் ஆறு எலக்ட்ரான் கூட்டு ஏறக்குறைய நேர்க்கோடாக நிற்கும். ஏழு எலக்ட்ரான் கூட்டு 140 பாகை அளவில் வளைந்து நிற்கும். அந்த ஏழாவது எலக்ட்ரான் இரும்பின் மறுபக்கத்தில் இருக்கும் பிணைப்பைத் தளர்த்திவிடும். இரத்த அழுத்தம் குறைவது இந்தத் தளர்ச்சியில்தான் தொடங்குகிறது.

இரும்பு ஒரு பிடியை விடும்போது

இரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கின்றன. தயாரிக்கும் நொதியின் மையத்திலும் ஹீம் இரும்பு உண்டு. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகும், சிட்ருலின் மிஞ்சும். பிறந்த வாயு எந்தக் கதவும் தேவைப்படாமல் சவ்வுகளைக் கடந்து அடுத்திருக்கும் தசைச் செல்லுக்குள் போகிறது. அங்கே அதற்காகக் காத்திருக்கிறது குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதி.

இந்த நொதியின் ஹீம் இரும்பு ஃபெரஸ் நிலையில் இருக்கிறது. ஹீமின் நான்கு நைட்ரஜன்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. கீழே ஐந்தாவதாக, புரதச் சங்கிலியின் 105ஆம் இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு கையால் பிடித்திருக்கிறது. மேலே ஆறாவது இடம் காலி. நைட்ரிக் ஆக்சைடு அங்கே அமர்ந்ததும் ஏழாவது எலக்ட்ரான் ஹிஸ்டிடினின் பிடியைத் தளர்த்துகிறது, பிணைப்பு அறுகிறது. ஹிஸ்டிடின் விலகியதும் புரதத்தின் வடிவம் மாறி, நொதியின் வேகம் நூறு மடங்குக்கும் மேல் எகிறுகிறது. அது ஜிடிபி என்ற மூலக்கூறைச் சைக்ளிக் ஜிஎம்பி என்ற செய்தி மூலக்கூறாக மாற்றுகிறது, தசைச் செல்லில் கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது.

இதை நிறமாலைமானியில் கண்ணாரப் பார்க்கலாம். தூய்மைப்படுத்திய நொதியின் உச்ச ஒளி உறிஞ்சல் 431 நானோமீட்டரில் இருக்கும். நைட்ரிக் ஆக்சைடு சேர்த்ததும் அது 399க்கு இறங்கும். 420 அருகே நின்றுவிட்டால் நைட்ரிக் ஆக்சைடு அமர்ந்துவிட்டது, ஆனால் ஹிஸ்டிடின் இன்னும் கையை விடவில்லை என்று பொருள். எந்தப் பக்கத்துப் பிணைப்பு இருக்கிறது, எது போனது என்பதை ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது.

ஆக்சிஜன் ஏன் அந்தக் காலி இடத்தில் போய் உட்காருவதில்லை? செல்லில் ஆக்சிஜன் நைட்ரிக் ஆக்சைடைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அது ஹீமில் நிலைத்து நிற்க இரும்புக்கும் ஹிஸ்டிடினுக்கும் இடையிலான பிணைப்பு உறுதியாக இருக்க வேண்டும். மேலிருந்து ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கிப் பிடிக்க ஓர் அமினோ அமிலமும் வேண்டும். இந்த நொதியில் பிணைப்பும் தளர்வு, தாங்கிப் பிடிக்கவும் ஆளில்லை. நைட்ரிக் ஆக்சைடுக்கு இந்த உதவிகள் தேவைப்படுவதில்லை. பழுப்பு வளையத்தில் நீர் சூழ்ந்த ஃபெரஸ் பாதி நிரம்ப மில்லிமோலார் அளவில் நைட்ரிக் ஆக்சைடு வேண்டும். ஹீமுக்குள் வந்துவிட்டால் அதே ஃபெரஸின் பிடி கோடிக்கணக்கான மடங்கு இறுகிவிடுகிறது. அதனால்தான் நானோமோலார் அளவில் வரும் செய்தியை இந்த நொதியால் கேட்க முடிகிறது.

1977இல் ஃபெரித் முராத், நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு இந்த நொதியைத் தூண்டுகிறது என்று காட்டினார். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், குழாயின் உட்படலச் செல்கள் ஏதோ ஒரு தளர்த்தும் பொருளை அனுப்புகின்றன என்று நிறுவினார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடேதான் என்பதை அவரும் லூயிஸ் இக்னாரோவும் 1986இல் சொல்ல, மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மருந்தை எடுக்கவே கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒன்று சைக்ளிக் ஜிஎம்பியின் உற்பத்தியை ஏற்றுகிறது, மற்றது அதன் அழிவைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அடியோடு சரியும்.

இந்த ஹீம் ஃபெரிக்காகிவிட்டால் நொதி காதடைத்துப்போகும். நோயுற்ற இரத்தக்குழாய்களில் இப்படி ஃபெரிக்கான அல்லது ஹீமை இழந்த நொதிகள் கூடுகின்றன. அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு நைட்ரேட் கொடுத்தாலும் அந்த நொதிகளுக்குக் கேட்காது. ரியோசிகுவாட் என்ற மருந்து ஃபெரஸ் ஹீம் உள்ள நொதிக்கு உதவும். சினாசிகுவாட் என்ற ஆய்வு மருந்து ஹீம் இருந்த குழியிலேயே தான் போய் அமர்ந்து நொதியை எழுப்பும். இரும்பின் நிலையைப் பார்த்து மருந்தை வடிவமைக்கும் காலம் வந்துவிட்டது.

இரத்தத்தில் அது எப்படி அணைகிறது

நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளில் தானாகவே சிதைந்துவிடும் என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. இது தவறான சித்திரம். ஆக்சிஜனோடு அது வினைபுரியும் வேகம் நைட்ரிக் ஆக்சைடு செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றுப்பட்ட நீரில் 1 மைக்ரோமோலார் இருந்தால் பாதியாகக் குறைய ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும். 10 நானோமோலாராக இருந்தால் 17 மணி நேரம். செல்லுக்குள் இருப்பது நானோமோலார் அளவுதான். அதன் ஆயுளை அங்கே முடித்துவைப்பது பெரும்பாலும் இரும்புதான்.

ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினை நைட்ரிக் ஆக்சைடு சந்தித்தால், ஃபெரஸ் ஃபெரிக்காகிறது, நைட்ரிக் ஆக்சைடு நைட்ரேட்டாகிறது. செய்தி நிரந்தரமாக அழிகிறது. இரத்தத்தில் ஹீமின் செறிவு ஏறக்குறைய 10 மில்லிமோலார். அவ்வளவும் கட்டற்றுக் கரைந்திருந்தால் நைட்ரிக் ஆக்சைடின் அரை ஆயுள் ஓரிரு மைக்ரோநொடியாகிவிடும். உட்படலச் செல்லிலிருந்து தசைக்குச் செய்தி போய்ச் சேரவே சேராது. ஹீமோகுளோபின் சிவப்பணுவுக்குள் அடைபட்டிருப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். ஓடும் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயின் நடுவே ஒதுங்கிப் போகின்றன. சுவரை ஒட்டி அணுக்களற்ற மெல்லிய பிளாஸ்மா அடுக்கு நிற்கிறது. அணுவைச் சுற்றியுள்ள கலக்கப்படாத நீரும் தாமதப்படுத்துகிறது. இதனால் முழு இரத்தத்தில் அரை ஆயுள் ஆயிரம் மடங்கு அளவில் நீண்டு, சுமார் 2 மில்லிநொடி ஆகிறது.

இந்த வேலி உடையும்போது நடப்பதைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். அரிவாள் செல் இரத்தசோகையிலும் வேறு சிவப்பணுச் சிதைவு நோய்களிலும் ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கசிகிறது. சில மைக்ரோமோலார் கசிந்தாலே போதும். குழாய்ச் சுவரருகே பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது விழுங்கிவிடும். குழாய்கள் இறுகுகின்றன, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுகிறது. சுத்திகரித்த ஹீமோகுளோபினைக் கொண்டு செயற்கை இரத்தம் தயாரிக்கும் முயற்சிகள் 1990களில் தடுமாறியதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஆக்சிஜனை அழகாகச் சுமந்த அந்தக் கரைசல்கள் நைட்ரிக் ஆக்சைடையும் துடைத்தெடுத்துவிட்டன.

இதே அழிவு பச்சிளங்குழந்தைகளின் உயிர் காக்கவும் பயன்படுகிறது. பிறந்த பிறகும் நுரையீரல் இரத்தக்குழாய்கள் விரியாமல் ஆக்சிஜன் குறையும் குழந்தைகளுக்குச் சுவாசக் காற்றோடு நைட்ரிக் ஆக்சைடு தரும் சிகிச்சைக்கு 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வழக்கமான அளவு 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு. காற்றறையிலிருந்து அது நேரே தசைக்குப் போய் நுரையீரல் குழாயை விரிக்கிறது. இரத்தத்துக்குள் வந்ததும் ஹீமோகுளோபின் அதை அணைத்துவிடுகிறது. உடலின் மற்ற குழாய்களில் அழுத்தம் விழுவதில்லை. கண்காணிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஃபெரிக்கான ஹீமோகுளோபின், அதாவது மெத்ஹீமோகுளோபின், ஏறுகிறதா என்பது. இரண்டு, குழாய்களில் ஆக்சிஜனோடு கலந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறதா என்பது. மூன்றாவது நிறுத்தும் விதம்: சட்டென்று நிறுத்தினால் குழாய்கள் முன்பைவிட மோசமாக இறுகும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனை நீராக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸிலும் ஒரு ஹீம் உண்டு. அங்கே நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது. 1994இல் வெளியான அளவீட்டில், ஆக்சிஜன் 145 மைக்ரோமோலார் இருந்தபோது சுவாசத்தைப் பாதியாக்க 270 நானோமோலார் நைட்ரிக் ஆக்சைடு தேவைப்பட்டது. ஆக்சிஜன் 30 மைக்ரோமோலாருக்கு இறங்கியபோது 60 நானோமோலாரே போதுமானதாக இருந்தது. திசுக்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது நிலைமைக்கு அருகில்தான். பரிசோதனைத் தட்டில் முழுக் காற்றில் செல்களை வளர்த்து முடிவு சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரும்பும் கந்தகமும்

1858இல் ரூசின் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இரும்பு உப்பு, நைட்ரைட்டு, சல்ஃபைடு மூன்றையும் கலந்து கறுப்புப் படிகம் ஒன்றை எடுத்தார். அதில் நான்கு இரும்பு, மூன்று கந்தகம், ஏழு நைட்ரிக் ஆக்சைடு. அதிலிருந்து சிவப்பு உப்பும் கிடைத்தது: இரண்டு இரும்பு, இரண்டு கந்தகம், நான்கு நைட்ரிக் ஆக்சைடு. உயிர்களில் இரும்பு-கந்தகக் கொத்துகள் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. இன்று பார்த்தால், செல்லுக்குள் அந்தக் கொத்துகளை நைட்ரிக் ஆக்சைடு உடைக்கும்போது உண்டாகும் துண்டுகள் ரூசினின் உப்புகளுக்கு நெருங்கிய உறவு.

கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களான மேக்ரோஃபேஜ்கள் ஆயுதமாகக் கையாளுவது இந்த உடைப்பைத்தான். 1980களில் ஜான் ஹிப்ஸின் குழு, தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்களோடு சேர்த்து வளர்த்த புற்றுச் செல்கள் தம் இரும்பை வெளியே இழப்பதைக் கண்டது. முதலில் விழுந்தது அகோனிட்டேஸ். அந்த நொதியில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கனசதுரமாக அமைந்திருக்கும். மூன்று இரும்புகளைப் புரதத்தின் சிஸ்டீன்கள், அதாவது கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள், பிடித்திருக்கின்றன. நான்காவது வெளியே திறந்து நிற்கிறது. அதைக் கழற்றினாலே நொதி செயலிழந்துவிடும்.

செல்நீர்மத்தில் இருக்கும் அகோனிட்டேஸ் கொத்து முழுவதையும் இழந்தால் அத்தோடு பயனற்றுப் போய்விடுவதில்லை. அதே புரதம் வேலையை மாற்றிக்கொண்டு ஆர்என்ஏவைப் பிடிக்கப் போய்விடுகிறது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினின் தயாரிப்பை நிறுத்துகிறது. இரும்பை உள்ளே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் ஆர்என்ஏவை அழியாமல் காக்கிறது. கொத்து போய்விட்டதை "வீட்டில் இரும்பு இல்லை" என்ற செய்தியாக அது படிக்கிறது. ஒரே புரதம் நொதியாகவும் இரும்புக் கணக்கராகவும் இருப்பது இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கழன்ற இரும்பும், செல்லில் தளர்வாகத் திரியும் இரும்பும் இரண்டு நைட்ரிக் ஆக்சைடையும் இரண்டு கந்தகக் கைகளையும் சேர்த்துக்கொண்டு டைநைட்ரோசில் இரும்பு அணைவாகின்றன. துணையில்லா எலக்ட்ரானைக் கண்டறியும் எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியில் இதற்கென்று ஒரு கையெழுத்து உண்டு: ஜி மதிப்பு 2.03. 1960களிலேயே ஈஸ்டிலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் ஊட்டிய எலிகளின் கல்லீரலிலும் இந்தக் குறி தென்பட்டது. பாலூட்டிகளின் உடலே நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது என்று தெரியவர அதன் பிறகு இருபது ஆண்டுகள் ஆயின.

பன்றி இறைச்சியை நைட்ரைட்டு சேர்த்துப் பதப்படுத்தும் ஐரோப்பிய வழக்கத்திலும் இந்த இரண்டு இரும்புகளும் வருகின்றன. வேகவைத்த பிறகும் இளஞ்சிவப்பு மாறாதிருப்பது தசையின் மயோகுளோபின் ஹீமில் நைட்ரிக் ஆக்சைடு அமர்வதால் என்பதை 1901இல் ஹால்டேன் விளக்கினார். அதே நைட்ரைட்டு கொடிய நஞ்சு உண்டாக்கும் போட்டுலினம் கிருமியை அடக்குகிறது. அந்தக் கிருமியின் இரும்பு-கந்தகப் புரதங்களோடு நைட்ரிக் ஆக்சைடு சேர்ந்து அணைவுகள் உண்டாவதை 1983இல் ஒத்ததிர்வுக் கருவியில் பார்த்தார்கள். நிறம் ஹீமிலிருந்து, பாதுகாப்பு கொத்திலிருந்து. அமெரிக்காவில் அரைத்த இறைச்சிக்குக் கிலோவுக்கு 156 மி.கி. என்பது உச்சவரம்பு. கூடவே அஸ்கார்பேட் சேர்ப்பது நைட்ரைட்டை விரைவாக ஒடுக்கவும், புற்றுநோய் ஆபத்துள்ள நைட்ரோசமீன் உண்டாவதைக் குறைக்கவும்.

காசநோய்க் கிருமி இந்தத் தாக்குதலைக் கற்றுவைத்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் தூண்டல் நொதியை நீக்கிய எலிகள் காசநோயில் விரைவில் இறக்கின்றன. ஆயுதம் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. கிருமியின் பதில் மூன்று வகை இரும்பில் இருக்கிறது. அதன் சிறிய ஹீமோகுளோபின் ஒன்று, நம் ஹீமோகுளோபின் செய்வது போலவே நைட்ரிக் ஆக்சைடை நைட்ரேட்டாக்கி அணைக்கிறது. டாஸ்-எஸ் என்ற உணரியின் ஹீமில் நைட்ரிக் ஆக்சைடு அமர்ந்தால் சுமார் 50 மரபணுக்கள் விழித்து, கிருமி பெருகுவதை நிறுத்தி உறக்கத்துக்குப் போகிறது. விப்-பி1 என்ற புரதத்தின் நான்கு இரும்பு நான்கு கந்தகக் கொத்து எட்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளை ஏற்றுக்கொண்டு மரபணுக் கட்டுப்பாட்டை மாற்றுகிறது. பல ஆண்டுகள் நுரையீரலில் மறைந்திருந்து பிறகு எழும் நோய்க்கு இந்த உறக்கம் ஒரு பகுதிக் காரணம். நம் வெள்ளணுவும் சும்மா இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு அதன் ஃபெரோபோர்ட்டின் என்ற இரும்பு வெளியேற்றியைக் கூட்டுகிறது. உள்ளே பதுங்கிய சால்மோனெல்லா போன்ற கிருமிக்கு இரும்புப் பஞ்சம் வருகிறது.

ஃபெரிக் தேவைப்படும் இடம்

இதுவரை ஃபெரிக் என்றாலே வேலைக்காகாதது போலத் தோன்றியிருக்கும். மூட்டைப்பூச்சியைக் கேட்டால் வேறு பதில் வரும். இரத்தம் குடிக்கும்போது குழாய் இறுகாமலிருக்க அது உமிழ்நீரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து வருகிறது. சுமப்பது நைட்ரோஃபோரின் என்ற ஹீம் புரதம். ஃபெரஸ் ஹீமில் ஏற்றினால் அது கீழே இறங்கவே இறங்காது. எனவே இரும்பு ஃபெரிக்காக வைக்கப்பட்டிருக்கிறது. பிடி தளர்வு, கடித்த இடத்தில் நீர்த்ததும் சரக்கு இறங்கிவிடும். சிமெக்ஸ் லெக்டுலேரியஸ் இனத்தில் ஹீமைக் கீழே பிடித்திருப்பது சிஸ்டீன்; இரண்டாவது நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு அந்தக் கந்தகத்திலும் ஏறிக்கொள்கிறது. தென்னமெரிக்காவின் ரோட்னியஸ் பூச்சி தனியாக இதே தீர்வுக்கு வந்திருக்கிறது. அதன் உமிழ்நீர்ச் சுரப்பி அமிலத்தன்மை கொண்டது, அங்கே பிடி இறுக்கம். நம் தோலின் 7.4 பிஎச் பட்டதும் பிடி தளரும். காலியான அந்த ஹீம் நம் உடல் வெளியிடும் ஹிஸ்டமினைப் பிடித்துக்கொள்வதால் அரிப்பும் தாமதமாகும்.

ஆய்வகத்தில் கெடும் இடங்கள்

உருளை வாயுவைப் பயன்படுத்துபவர்கள் முதலில் அதைக் காரக் கரைசல் வழியாகக் குமிழவிட வேண்டும். சிறிதளவு நைட்ரஜன் டை ஆக்சைடு இருந்தாலும் நீரில் நைட்ரைட்டும் அமிலமும் உண்டாகி, பிறகு பார்க்கும் விளைவு எதனுடையது என்று தெரியாமல் போகும். கரைசலிலிருந்து ஆக்சிஜனை ஆர்கான் கொண்டு முன்பே விரட்ட வேண்டும். ரப்பர் குழாய் ஆக்சிஜனைக் கசியவிடும். எஃகு அல்லது கண்ணாடி நல்லது. 25 பாகையில் நிறைவுற்ற கரைசல் ஏறக்குறைய 1.9 மில்லிமோலார்.

நைட்ரிக் ஆக்சைடை மெல்ல விடும் நோனோயேட் வகைச் சேர்மங்கள் வசதியானவை. ஆனால் தேர்வில் கவனம் வேண்டும். உடல் வெப்பத்தில், 7.4 பிஎச்சில் டிஇஏ நோனோயேட்டின் அரை ஆயுள் 2 நிமிடம், டெட்டா நோனோயேட்டுக்கு 20 மணி நேரம். இருப்புக் கரைசலை 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், பனிக்கட்டியில் வைக்க வேண்டும்; நடுநிலை நீரில் கரைத்த நொடியே அது சிதையத் தொடங்கும். முழுதும் சிதையவிட்ட அதே சேர்மத்தை ஒப்பீட்டுக்கு வைக்காத சோதனையை நம்புவதற்கில்லை.

நைட்ரிக் ஆக்சைடிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டை நிறத்தால் அளக்கும் கிரீஸ் சோதனையில் பெரும்பாலான தவறுகள் எளிமையானவை. 5 விழுக்காடு பாஸ்ஃபாரிக் அமிலத்தில் 1 விழுக்காடு சல்ஃபனிலமைடு, தனியே 0.1 விழுக்காடு நாஃப்தைல் எத்திலீன்டையமீன், 540 நானோமீட்டரில் அளவு. இது காட்டுவது நைட்ரைட்டை மட்டுமே. ஹீமோகுளோபின் உள்ள மாதிரியில் நைட்ரிக் ஆக்சைடு நைட்ரேட்டாகிவிடும் என்பதால் அங்கே கிரீஸ் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. "உற்பத்தி இல்லை" என்று தவறாக முடிவு கட்டுவார்கள். முதலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக ஒடுக்க வேண்டும். சிதைந்த சிவப்பணுக்களின் நிறமும் அதே அலைநீளத்தில் குறுக்கிடும், எனவே 10 கிலோடால்டன் வடிகட்டியில் புரதத்தை நீக்க வேண்டும். வடிகட்டியையும் குழாய்களையும் முன்பே கழுவாவிட்டால் அவற்றில் ஒட்டியிருக்கும் நைட்ரைட்டே அளவில் சேர்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் குழப்பம் தருவது சோடியம் நைட்ரோபுருசைடு. ஆய்வகங்களில் இதை நைட்ரிக் ஆக்சைடு தரும் பொருளாகச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். இரும்பு ஒன்று, சயனைடு ஐந்து, நைட்ரிக் ஆக்சைடு ஒன்று கொண்ட ஆறு எலக்ட்ரான் கூட்டு இது. ஒளி பட்டாலோ வேறு ஏதாவது ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தாலோதான் நைட்ரிக் ஆக்சைடை விடும். விடும்போது சயனைடும் இரும்பும் கூடவே வரும். செல் செத்ததற்கு யார் காரணம் என்று பிரித்தறிய ஒளிபட்டுச் சிதைந்த நைட்ரோபுருசைடையும் ஃபெரோசயனைடையும் தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையிலும் இதே மருந்து, இதே வேதியியல். மிகையான இரத்த அழுத்தத்தை நிமிடங்களில் இறக்க 50 மி.கி.யை 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸில் நீர்த்துச் சிரை வழியே தருகிறார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபினின் ஃபெரஸ் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. அது மெத்ஹீமோகுளோபினாகிறது, நைட்ரோபுருசைடு உடைகிறது. ஐந்து சயனைடில் ஒன்றை அந்த மெத்ஹீமோகுளோபினே பிடித்துக்கொள்ளும். மற்ற நான்கையும் கல்லீரலின் ரோடனேஸ் நொதி தயோசல்ஃபேட்டின் கந்தகத்தைக் கொண்டு தயோசயனேட்டாக்க வேண்டும். உடலில் இருக்கும் கந்தகம், கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம் வேகம் வரைதான் ஈடுகொடுக்கும். அதற்கு மேல் சயனைடு சேரத் தொடங்கும். 10 மைக்ரோகிராம் என்பது உச்ச அளவு. அதையும் 10 நிமிடத்துக்கு மேல் தொடரக் கூடாது. அதே விளைவுக்கு மேலும் மேலும் மருந்து தேவைப்பட்டாலோ, இரத்தத்தில் அமிலம் ஏறினாலோ சயனைடைச் சந்தேகித்து, மருந்தை நிறுத்தி, சோடியம் தயோசல்ஃபேட் தர வேண்டும். சிறுநீரகம் பழுதானவரிடம் தயோசயனேட்டும் தேங்கும்.

கரைத்த மருந்தை ஒளிபுகா உறையால் மூடித்தான் தொங்கவிட வேண்டும். வெளிர் பழுப்பு அதன் இயல்பான நிறம். நீலம், பச்சை, அடர் சிவப்பு என்று மாறியிருந்தால் இரும்பு தன் பிடியை விட்டுவிட்டது என்று பொருள். அந்தப் புட்டியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.